மூன்று முறை கறுத்த பிளக்

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இருந்தாலும் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. போன வாரம் அதில் ஒரு வீடியோ வந்தது. நாலு சக்கர பைக் ஒன்றின் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, ஸ்டார்ட்டரை அழுத்துகிறார் ஒருவர். பிளக் முனையில் நீலமாகப் பொறி தெரிகிறது. கீழே ஒரு குறிப்பு: ‘ஸ்பார்க் சூப்பரா இருக்கு. ஆனா லோடு ஏத்துனா நிக்குது. பிளக் கறுத்துப் போகுது. என்ன பண்ணலாம்?’

ஏழு பேர் பதில் போட்டிருந்தார்கள். சோக்கைப் போட்டபடியே ஓட்டுகிறார்கள் என்று நாலு பேர். ஓட்டுகிற ஆளை மாற்று என்று இரண்டு பேர். ஏழாவது ஆள் எழுதக்கூடச் சோம்பல்பட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையைப் போட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்கள் மேல் வந்த கோபம் பாதிதான். மீதிப் பாதி, ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே பதிலைச் சொன்ன ஒரு ஆள் மேல் வந்தது. அந்த ஆள் நான்தான். கட்டை விரலால் அவ்வளவையும் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பெரியநாயக்கன்பாளையம் வந்து, பம்ப் மோட்டாருக்கு காயில் சுற்றும் பட்டறை ஒன்றில் ஆறு வருடம் உட்கார்ந்தேன். செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றியதில் கரண்ட் பற்றி நமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்போடுதான் பக்கத்திலேயே இருந்த வண்டி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். பைக், புல் வெட்டும் எஞ்சின், மருந்தடிக்கும் எஞ்சின் என்று பெட்ரோலில் ஓடுகிற எல்லாம் வரும். பின்னாட்களில் நாலு சக்கர பைக்குகள் வர ஆரம்பித்தன. பைக் மாதிரி ஹேண்டில்பாரும் சீட்டும், கீழே தடித் தடியாக நாலு டயரும் இருக்கும். ரோட்டுக்கானது இல்லை, காட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆனது. எஸ்டேட்காரர்களும் பண்ணைக்காரர்களும் வாங்கினார்கள்.

ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் பெயர் கெங்குசாமி. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். மெலிந்த ஆள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். எங்களுக்கெல்லாம் அண்ணன். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். சாதாரண நாளில் நான் ‘நாச்சிமுத்து’. கொஞ்சம் சரியில்லை என்றால் ‘ஏனுங்க நாச்சிமுத்து’. ‘சார்’ என்று கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். அப்படி அவரிடம் ‘சார்’ வாங்கியவர்கள் இரண்டு நாள் டீக் கடைப் பக்கமே வரமாட்டார்கள்.

வண்டி உள்ளே வந்தால் முதல் ஐந்து நிமிடம் அவர் தொடமாட்டார். எங்களையும் தொடவிடமாட்டார். வண்டி எப்போது நிற்கிறது, காலையிலா, சூடான பிறகா, மேட்டிலா, சமதளத்திலா என்று ஓட்டுகிறவரைக் கேட்பார். முதலாளி வண்டியோடு வந்து நின்றால், ஓட்டுகிறவருக்கு போன் போட்டுத் தரச் சொல்வார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.

பொறியில் கோளாறு என்றால் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிளக். அடுத்து எஞ்சினை அணைக்கும் சுவிட்சின் ஒயரைக் கழற்றிப் பார்ப்பது. பிறகு பிளக் மாட்டும் தொப்பி, அதற்கு வரும் தடித்த ஒயர், அந்த ஒயர் வருகிற காயில், காயில் உட்கார்ந்திருக்கும் இடம், அதன் எர்த். பிறகு எஞ்சின் பக்கவாட்டில் இருந்து பொறி விழவேண்டிய நேரத்தைச் சொல்லும் பிக்கப் காயில். எல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் காயிலுக்குக் கரண்ட் அனுப்பும் அந்தக் கறுப்புப் பெட்டி, சி.டி.ஐ. என்பார்களே, அது. பிரித்துப் பார்க்க முடியாத சாமான் என்பதால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் அதன் மேல்தான் போகும். அதனாலேயே அவர் அதைக் கடைசியில் வைத்தார்.

பொறியின் பலத்தைப் பார்க்க அவரே செய்த ஒரு சாமான் சுவரில் தொங்கும். ஒரு பேக்கலைட் துண்டில் எதிரெதிராக இரண்டு ஆணி, நடுவில் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி. அவ்வளவுதான். பிளக் ஒயரை ஒரு ஆணியில் மாட்டி, இன்னொன்றை எஞ்சினோடு இணைத்து ஸ்டார்ட்டரை அழுத்தினால், நல்ல பொறி அந்த ஆறு மில்லியைச் சடசடவென்று தாண்டும். நோஞ்சான் பொறி தாண்டாது. பிளக்கை எஞ்சின் மேல் சாய்த்துப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. வெளிக்காற்றில் பிளக் முனையின் சின்ன இடைவெளியில் எந்தப் பொறியும் நீலமாகத்தான் தெரியும். சிலிண்டருக்குள் காற்றை அமுக்கி வைத்திருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட அதற்கு மூச்சு முட்டும். வண்டியில் பாரம் ஏற ஏற அமுக்கமும் ஏறும். வாசலில் துள்ளுகிற பொறி உள்ளே போனதும் படுத்துவிடும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கொஞ்ச நாளில் ஒரு பெயரும் கிடைத்தது. மலை மேல் ஒரு எஸ்டேட்டிலிருந்து வந்த வண்டிக்கு வேறு இரண்டு இடத்தில் காயிலும் பெட்டியும் மாற்றியிருந்தார்கள். ஹேண்டில்பாரைத் திருப்பும்போதுதான் நிற்கிறது என்று ஓட்டுகிறவர் போனில் சொன்னார். அணைக்கும் சுவிட்சின் ஒயர் கழுத்துப் பக்கம் உராய்ந்து தோல் போய் இருந்தது. ஒரு துண்டு டேப் சுற்றி அனுப்பினேன். அதிலிருந்து பொறி சம்பந்தமான வண்டி என்றால் நேராக என் பக்கம் தள்ளிவிடுவார்கள். நாளாக நாளாக, ஆணிக் கருவியைச் சுவரிலிருந்து எடுப்பதே எனக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றியது. கண்ணால் பார்த்தாலே தெரியுமே என்று இருந்தேன்.

இப்போது அந்த வண்டிக்கு வருகிறேன்.

கருமத்தம்பட்டிக்கு வடக்கே ஒரு மாட்டுப் பண்ணை. தீவனப் புல்லும் பால் கேன்களும் இழுக்க ஒரு நாலு சக்கர பைக் வைத்திருந்தார்கள், பின்னால் சின்ன டிரெய்லரோடு. அதை ஓட்டியவர் ஆரோக்கியமேரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கருமத்தம்பட்டியில் இருபது வருடம் விசைத்தறி ஓட்டியவர். நின்றுகொண்டே தறி ஓட்டியதில் முழங்கால் தேய்ந்துபோய், தறியை விட்டுவிட்டுப் பண்ணையில் புல் அறுக்க வந்திருந்தார். அதற்கும் கால் ஒத்துழைக்கவில்லை. வண்டி ஓட்டிய ஆள் நின்றுபோன சமயத்தில், நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தாராம். மூன்றாம் நாள் டிரெய்லரோடு பின்னால் எடுக்கக் கற்றுக்கொண்டார். அந்தக் காலோடு அவர் செய்யக்கூடிய வேலை அந்தப் பண்ணையில் அது ஒன்றுதான்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டி சர்வீஸுக்கு வந்தது. எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் சும்மா பொட்டு வைத்துப் பொரி கடலை கொடுப்பதோடு முடியாது. வைஸ், கம்ப்ரஸர், உட்காருகிற ஸ்டூல் வரை கழுவிப் பெயிண்ட் அடித்துவிடுவோம். அந்த வாரம் ஒர்க்‌ஷாப்பே பெயிண்ட் வாசத்தில் கிறுகிறுக்கும். எனக்குப் பெயிண்ட் அடிப்பதில் தனி ஆசை. பண்ணை வண்டியின் சட்டத்தில் அங்கங்கே துரு தெரிந்தது. யாரும் கேட்கவில்லை, நானாகவே சீட்டையும் மேல் பாகங்களையும் கழற்றிவிட்டு, சட்டத்தைத் தேய்த்து இரண்டு கோட் கறுப்பு அடித்தேன். காயிலைச் சுற்றி அடித்தால் ஓரம் திட்டாகத் தெரியுமே என்று அதையும் கழற்றி, அடியிலும் அடித்து, காய்ந்தபின் திரும்ப மாட்டினேன். பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்தபோது வண்டி புதுசாக மின்னியது. கெங்குசாமி அண்ணனே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பத்து நாளில் வண்டி திரும்பி வந்தது. கூடவே மேரியும் வந்திருந்தார். காலையில் உடனே கிளம்புகிறது, பாரத்தோடு குட்டைக் கரை மேட்டில் ஏறும்போது விக்கி விக்கி நிற்கிறது என்றார். பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக் கரி மாதிரி இருந்தது. எஞ்சின் மேல் சாய்த்து வைத்து அடித்துப் பார்த்தேன். நீலப் பொறி. பொறி இருக்கிறது, பிளக் கறுத்திருக்கிறது என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அதாவது காலையில் குளிருக்கு இழுத்த சோக்கைத் திரும்ப உள்ளே தள்ளாமல் ஓட்டுகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். பொறி நோஞ்சானாக இருந்தாலும் பெட்ரோல் சரியாக எரியாமல் பிளக் அதே மாதிரிதான் கறுக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எதிரில் நின்றது ஒரு பெண். பொறி மேல் போகவேண்டிய சந்தேகம் அவர் மேல் போய்விட்டது.

கேட்டதற்கு, சோக்கைத் தள்ளிவிடுவேன், மறப்பதில்லை என்றார் மேரி. கேட்டுக்கொண்டே புதுப் பிளக்கை மாட்டினேன். கிளம்புகிற நேரத்தில் தயங்கி, காயிலைக் காட்டி இன்னொன்று சொன்னார்.

“ஏனுங்ணா, சீட்டுக்கு அடியில கை வெச்சு ஒயரு ஆடுதான்னு பாத்தனுங்க. அந்தக் கறுப்புக் கட்டை மேல பட்டதும் சுரீர்னு அடிச்சுதுங்க. தறியில எர்த்து போச்சுன்னா இப்பிடித்தானுங்க அடிக்கும்.”

நான் சிரித்தேன். பக்கத்து வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, அவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“இது தறி இல்லீங்க அம்மணி. இதுல எர்த்து அடிக்காதுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர், வண்டியை ஏற்றிவந்த பண்ணையின் பிக்கப் வேனில் ஏறிப் போய்விட்டார். கெங்குசாமி அண்ணன் அன்றைக்கு உதிரிப் பாகம் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

புதுப் பிளக் சுத்தமாக இருக்கும்வரை நோஞ்சான் பொறியும் சமாளித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரி படிந்தால் அதுவும் போச்சு. இரண்டு வாரத்தில் வண்டி மறுபடி வந்தது, இந்த முறை மேரி வரவில்லை. பிளக் மறுபடியும் கரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொரு புதுப் பிளக்கை மாட்டிவிட்டு, வண்டியோடு போகிற வேலைக் கார்டில் எழுதினேன்: ‘சோக் போட்டபடி ஓட்டியதால் பிளக் கறுத்துள்ளது. ஓட்டுநர் தவறு.’ கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

மூன்றாவது முறை வண்டி வந்தது ஒரு மாதம் கழித்து. கழற்றினால் அதே கரி. சரி, இனி அந்தக் கறுப்புப் பெட்டியை மாற்றிவிடலாம் என்று புதுசு எடுக்கப் போனேன். கெங்குசாமி அண்ணன் எங்களிடம் இருந்த கார்டுகளின் கார்பன் நகலை எடுத்துப் பின்னாலிருந்து முன்னால் படித்தார்.

ஓட்டுகிறவரைக் கேட்டாயா என்றார். அந்த அம்மாவை மாற்றிவிட்டார்களாம், இப்போது டிராக்டர் ஓட்டுகிறவர்தான் ஓட்டுகிறாராம் என்றேன். ஆள் மாறியும் பிளக் கறுத்திருக்கிறது என்பது, அதை என் வாயால் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அண்ணன் சுவரில் தொங்கிய ஆணிக் கருவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“இதையும் மீட்டரையும் எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுங்க சார். ஓட்டுனவங்களப் பாத்துட்டு வந்துரலாம்.”

பதினெட்டு வருடத்தில் முதல் ‘சார்’. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கருமத்தம்பட்டி வரை ஒர்க்‌ஷாப் பிக்கப் வேனில் போனோம். பின்னால் அந்த வண்டி கயிறு கட்டி நின்றது.

பண்ணையில் இறங்கியதும் நான் பார்த்த முதல் சாமான் என் கையெழுத்து. பால் அளக்கும் கொட்டகைச் சுவரில் அந்தக் கார்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். இனி வண்டி எடுக்கிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று மேனேஜர் ஒட்டினாராம். பால் கறக்க வருகிறவர்கள், கேன் கழுவுகிறவர்கள், எல்லோரும் தினமும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். டிராக்டர் ஓட்டுகிறவரிடம் கேட்டோம். நான் சோக்கைத் தொடுவதே இல்லை, ஆனாலும் மேட்டில் நிற்கிறது என்றார். மேரி எங்கே என்றதற்கு, வண்டியை வாங்கிக்கொண்டு மறுபடி புல் அறுக்கப் போட்டார்கள், ஒரு வாரம் குனிந்து பார்த்தார், முடியவில்லை, நின்றுவிட்டார் என்றார்.

கருமத்தம்பட்டியில் மேரியின் வீடு ஒரு லைன் வீடு. இரண்டு பக்கமும் தறிச் சத்தம். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, மூட்டையாகக் கொண்டுவந்து போட்ட பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியாமல் சுவரைப் பிடித்தார். உட்காருங்கள் என்று அண்ணன் கையைக் காட்டிவிட்டுத் தானும் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

அண்ணன் வழக்கமான கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். எப்போதிருந்து நிற்கிறது என்றார். ஆயுத பூஜைக்கு வண்டி போய் வந்ததிலிருந்துதான், அதற்கு முன்னால் ஒருநாள்கூட நின்றதில்லை என்றார் மேரி. எங்கே நிற்கிறது? மேட்டில், பாரத்தோடு, பள்ளத்தில் இறங்கிக் குலுங்கும்போது. சும்மா நிறுத்தி வைத்தால் நாள் முழுக்க ஓடும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் உங்களுக்குத் தெரியவில்லை போல என்று எங்களுக்காகச் சமாதானமும் சொன்னார். வேறு ஏதாவது உண்டா என்று அண்ணன் கேட்டபோது மேரி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு இருக்குதுங்க. ஆனா அதைச் சொன்னா சிரிப்பாங்க.”

“நான் சிரிக்கமாட்டனுங்க அம்மணி, சொல்லுங்க,” என்றார் அண்ணன்.

சீட்டுக்கு அடியில் அடித்ததைச் சொன்னார். தறியில் வேலை செய்தபோது இப்படி அடித்தால் எர்த் ஒயர் விட்டுவிட்டது என்று தெரிந்துகொள்வோம், எலக்ட்ரீஷியன் வரும்வரை தறியைத் தொடமாட்டோம் என்றார். இதிலும் அப்படித்தான் என்று பட்டது, முதல் தடவையே சொன்னேன் என்றார். யாரிடம் சொன்னார் என்று சொல்லவில்லை. அண்ணன் திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. அவர் இரண்டு ‘சார்’ போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

எனக்கு அந்த வாசலிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. காயிலுக்கு எர்த் தனி ஒயரில் வருவதில்லை. அதன் இரும்புக் கட்டை வண்டிச் சட்டத்தின் மேல் பட்டு உட்கார்ந்திருப்பதுதான் எர்த். அது படுகிற இடத்தில் நான் இரண்டு கோட் பெயிண்ட் அடித்திருந்தேன். போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் தொடர்பு இருந்தது. வண்டி குலுங்கும்போது அதுவும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. போகவேண்டிய கரண்ட் போக வழியில்லாமல் கட்டையிலேயே நின்று, தொட்டவர் கையில் அடித்திருக்கிறது. ஆறு வருடம் காயில் சுற்றியவனுக்குத் தெரியாதது தறி ஓட்டியவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வந்து சொல்லவும் செய்தார், அதற்கு நான் சிரித்தேன்.

“தப்பு என்ற மேலதானுங்க அம்மணி. பெயிண்ட் அடிச்சது நானு,” என்றேன்.

மேரி ஒரு பனியனை எடுத்து இரண்டு பிசிறு வெட்டினார்.

“சோக்குப் போட்டு ஓட்டற பொம்பளன்னு பண்ணையே சொல்லுதுங்க. என்ற மவகூடக் கேட்டுப்போட்டா, மறந்துட்டயாம்மான்னு. ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்ணா.”

அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. வேலை போனதைவிட, தன் கை தள்ளியதைத் தானே நம்ப முடியாமல் போனது பெரிய கொடுமை என்று எனக்குப் பட்டது. சரி செய்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார் அண்ணன். பார்க்கலாம் என்றார் மேரி. வருகிறேன் என்று சொல்லவில்லை.

பண்ணைக்குத் திரும்பி, பால் கொட்டகைக்கு முன்னாலேயே வண்டியை இறக்கி சீட்டைக் கழற்றினேன். முதலில் ஆணிக் கருவியை மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்தினேன். ஆறு மில்லியை எட்டிப் பார்த்தது, தாண்டவில்லை. மீட்டரின் ஒரு முனையைக் காயில் கட்டையிலும் இன்னொன்றை எஞ்சினிலும் வைத்தேன். சைபருக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. காயிலைக் கழற்றினேன். அடியில் என் பெயிண்ட் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லாமல், வழவழவென்று.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து நீட்டினார். காயில் உட்காருகிற இடத்தை இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை தேய்த்தேன். போல்ட்டையும் அது நுழைகிற காயிலின் காதுகளையும் தேய்த்தேன். திரும்ப இறுக்கி ஆணிக் கருவியை மாட்டினேன். சடசடவென்று தாண்டியது. கேன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இதற்கு முன்னால் எத்தனையோ வண்டியில் அந்தச் சத்தம் கேட்டு மீசையைத் தடவியிருக்கிறேன். அன்றைக்குக் கேட்கவே பிடிக்கவில்லை.

மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட நினைப்பவர். வண்டி சரியாகிவிட்டதல்லவா, போதும், பழசைக் கிளறவேண்டாம் என்றார். கார்டைக் கிழித்துவிடுகிறேன் என்று சுவர்ப் பக்கம் போனார். அண்ணன் கையைப் பின்னால் கட்டியபடியே அவருக்குக் குறுக்கே நின்றார். கிழிக்கவேண்டாம், எழுதினவரே திருத்தட்டும், ஒட்டின இடத்திலேயே இருக்கட்டும் என்று அத்தனை ‘ங்க’ போட்டுப் பணிவாகச் சொன்னார். மேனேஜர் பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

‘ஓட்டுநர் தவறு’ என்பதை அடித்தேன். கீழே எழுதினேன்: ‘காயிலுக்கு எர்த் இல்லை. அடியில் பெயிண்ட் அடித்தது மெக்கானிக் தவறு.’ கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“ஒரு வரி உட்டுப்போச்சுங்க சார்.”

எந்த வரி என்று எனக்குத் தெரியும். எழுதினேன்: ‘ஓட்டுநர் முதல் நாளே சரியாகச் சொன்னார். மெக்கானிக் கேட்கவில்லை.’ சுவரில் வைத்து எழுதியதால் கோணல்மாணலாக வந்தது. அதற்குக் கீழே அண்ணனும் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு டவுனுக்குப் போயிருந்ததுதான் அவர் செய்த குற்றம்.

டிராக்டர் ஓட்டுகிறவர் தானாகவே முன்வந்து, எனக்கு டிராக்டரே போதும், இந்த வண்டி அந்த அக்கா கைக்குத்தான் அடங்கும் என்று மேனேஜரிடம் சொன்னார். அன்று மாலையே அவர் போய் மேரியிடம் சேதி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மறுநாள் காலை யாரும் சொல்லாமலேயே நான் பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போனேன். பால் கறந்து முடிகிற நேரம். கேன்கள் டிரெய்லரில் ஏறிக்கொண்டிருந்தன. மேரி வருவாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

வந்தார். மகள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கூடவே நின்றாள். மேரி மெதுவாக நடந்து சுவருக்குப் போய் கார்டைப் படித்தார். மகளும் படித்தாள். பிறகு திரும்பி வந்து, வண்டியின் கைப்பிடியைப் பிடித்து, தேய்ந்த காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். சோக்கை இழுத்தார். ஸ்டார்ட்டரை அழுத்தினார். எஞ்சின் பிடித்துச் சீராக ஓட ஆரம்பித்ததும் சோக்கை உள்ளே தள்ளினார். கிளம்பவில்லை. கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேரையும் தாண்டி என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்ணா, இங்க வாங்க. சோக்கு உள்ள இருக்குதான்னு தொட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

போனேன். விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன்.

“உள்ளதானுங்க அம்மணி இருக்குது.”

“எஞ்சின் சத்தத்துல அவிங்களுக்குக் கேக்காதுங்க. சத்தமாச் சொல்லுங்க.”

கொட்டகைப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியச் சொன்னேன். மேரி மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, கியரைப் போட்டு, கேன்களோடு குட்டைக் கரை மேட்டில் ஏறிப் போனார்.